பழைய மனுஷனைக் களைவது: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஞானஸ்நானம் எடுத்து மூணு வாரம்தான் ஆகுதுண்ணா. நேத்து வீட்ல மறுபடியும் தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டேன். அப்ப எனக்குள்ள ஒண்ணுமே மாறலையா?"

சென்னை பெரம்பூரில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஒரு தம்பி, எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்ட கேள்வி இது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் அலைந்தேன். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், நேரமாகிவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீங்கள் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக இருக்கலாம். பிறப்பிலேயே கிறிஸ்தவராக இருந்து, பல வருஷம் பேருக்குச் சபைக்குப் போய்வந்து, இப்போதுதான் மனசு திரும்பியவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இது பொருந்தும்.

முதலில் வசனத்தை நிதானமாக வாசியுங்கள்

எபேசியர் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து 22 முதல் 24 வரை வாசியுங்கள். சிறையில் கட்டப்பட்டிருந்த நிலையில் பவுல் எழுதிய நிருபம், அதாவது கடிதம், அது. "பழைய மனுஷனை நீங்கள் களைந்துபோட்டு, உங்கள் உள்ளத்திலே புதிதான ஆவியுள்ளவர்களாகி" என்று சொல்லி, "புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள்" என்று முடிக்கிறார். பழைய மனுஷன் என்பது நம்முடைய முந்தின நடக்கை. களைவது, தரிப்பது இரண்டுமே உடுப்புக்குச் சொல்லும் வார்த்தைகள். ஆதி நாள் சபைகளில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் பழைய உடையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, கரையேறியதும் வெள்ளை உடை உடுத்தியது இதன் அடையாளமாகத்தான்.

கிரேக்க மூலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கழற்றுவதற்கும் உடுத்துவதற்கும் பவுல் எடுத்த வினை வடிவம், செய்து முடிக்கிற ஒரு செயலைக் காட்டுவது. நடுவில் வரும் புதிதாவதற்கு மட்டும், நடந்துகொண்டே இருப்பதைக் காட்டும் வடிவத்தைப் போட்டிருக்கிறார். இதை எனக்குப் புரியவைத்தது புதுப்பேட்டைதான். அங்கே ஒரு உதிரிபாகக் கடையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். சாயங்காலம் ஷட்டர் இறக்கும் நேரம், பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன்கள் கிரீஸ் ஏறிய சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சட்டை மாற்ற ஒரு நிமிஷம் போதும். நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு இலையிலும் கூடவே வரும்.

கிறிஸ்துவுக்குள் வந்த அன்றைக்குச் சட்டை மாறிவிட்டது. 2 கொரிந்தியர் 5:17 "புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்" என்றுதான் சொல்கிறது, ஆகப்போகிறான் என்று சொல்லவில்லை. நகக்கண் கறுப்புக்கு நாளாகும். நகத்தில் கறுப்பு தெரிகிறதே என்று பயந்து, ஆணியில் தொங்கும் பழைய சட்டையை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "நாம எல்லாம் திருந்தவே மாட்டோம்ப்பா" என்பது அந்தச் சட்டையை மாட்டும் சத்தம்.

எதெல்லாம் பழைய மனுஷன் கிடையாது

இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். முதல் மாத வேகத்தில் தப்பான சாமான்களை வெளியே எறிந்துவிடுகிறோம். உங்கள் அம்மா பழைய மனுஷன் கிடையாது. சொந்தக்காரர்கள், பள்ளிக்கூட நண்பர்கள், பேசுகிற தமிழ், வீட்டில் வைத்த பெயர் எதுவும் கிடையாது. பெயர் விஷயத்தில் பலரும், மனந்திரும்பியதும் சவுல் பவுலாக மாறினார் என்று பவுலைத்தான் காட்டுவார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் மனந்திரும்புவது 9-ஆம் அதிகாரத்தில். அதற்குப் பிறகும் அவர் சவுல்தான். 13:9-இல் வரும்போதும் "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வருகிறது. புதுப் பெயர் வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மா பழைய பெயரில் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பாதீர்கள்.

பவுல் கொடுக்கிற பட்டியலை அப்படியே பாருங்கள்: பொய், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு, கோபம், மூர்க்கம், கூக்குரல், தூஷணம். நகை போடாத சபைகள் உண்டு, அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நகையைக் கழற்றிய கையோடு மாமியாரிடம் பேசும் தொனியையும் கழற்றினோமா என்பதுதான் இந்த அதிகாரம் கேட்கும் கேள்வி. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதும் இதே நிருபத்தில் அடுத்த இரண்டு பக்கத்தில் வருகிறது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாமா என்று ஒவ்வொரு ஜனவரியிலும் கேட்கிறார்கள். போங்கள். அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போங்கள். எதில் கலந்துகொள்வது, எதில் தள்ளி நிற்பது என்பதை உங்கள் போதகரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, வீட்டில் போனிலேயே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். பொங்கல் பானை பொங்கும் நேரத்தில் உபதேசம் ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கழற்ற வேண்டியது, வலது பக்கம் அதே இடத்தில் உடுத்த வேண்டியது. வலது பக்கம் காலியாக இருந்தால் இடது பக்கத்தில் எழுதவே எழுதாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பவுல் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பொய்யைக் களைந்து, பிறனுடனே மெய்யைப் பேசு. கெட்ட வார்த்தை வேண்டாம், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமானதைப் பேசு. 28-ஆம் வசனம் இன்னும் அழகு: திருடுகிறவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காகத் தன் கையால் வேலை செய்யட்டும் என்கிறது. திருட்டை நிறுத்தியதோடு விடவில்லை. எடுத்த கை கொடுக்கிற கையாக மாறும்வரை போகிறது. மத்தேயு 12-இல் இயேசு சொன்ன அந்த வீட்டையும் வாசித்துப் பாருங்கள். பெருக்கி ஜோடித்து வைத்த வீடுதான், ஆனால் ஆளில்லாமல் வெறுமையாக இருந்தது. போன ஆவி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

சின்ன உதாரணம் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் கண்டதையும் பார்க்கிற பழக்கம். "பார்க்க மாட்டேன்" என்று இடது பக்கம் மட்டும் எழுதினால் நாலு நாள்கூடத் தாங்காது. வலது பக்கம் இப்படி எழுதலாம்: பத்து மணிக்குப் போன் ஹாலில் சார்ஜில் இருக்கும், தலைமாட்டில் சங்கீதப் புத்தகம் இருக்கும், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குவேன். நூறு, இருநூறு ரூபாய்க் கடிகாரம் ஒன்று என் வீட்டில் பெரிய வேலை செய்திருக்கிறது.

ஒரு மாதத்துக்கு ஒரு வரி மட்டும். பத்து வரி எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒன்பதை அடித்துவிடச் சொல்வேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் வீட்டில் கூட இருக்கிறவர்களைக் கேளுங்கள். டக்கென்று சொல்லிவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வருகிறதென்றால் அந்த நாற்பது நாளை இதற்கே வைத்துக்கொள்ளலாம். கறி சாப்பிடாமல் இருப்பதைவிட இது கஷ்டம்.

திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுங்கள்

இதைப் பற்றிச் சபைகளில் அதிகம் பேசுவதில்லை. அதனால் என் கதையையே சொல்கிறேன்.

நான் சொன்ன அந்தக் கடையில் பில் போடுவது என் வேலை. இரண்டு வருஷம், பில்லில் ஒரு தொகை, கல்லாவில் ஒரு தொகை என்று இருபதும் ஐம்பதுமாக எடுத்தேன். சம்பளம் அப்போது 6,500 ரூபாய். ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஞாபகத்தில் இருந்ததே கிட்டத்தட்ட 18,000 வந்தது. போதகரிடம் போய் அழுதேன். "கர்த்தர் மன்னிச்சிட்டார், விடு" என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் லூக்கா 19-ஐத் திறந்து, வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவிடம் சொன்னதை என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்பது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு, அது எண்ணாகமம் 5-இல் இருக்கிறது. சகேயு நாலத்தனை தருகிறேன் என்றான். "நாலு மடங்கு உன்னால முடியாது. முதலையாவது கொடு" என்றார்.

அடுத்த மாதம் ஒரு கவரில் ஐயாயிரம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி பாய் மதியத் தொழுகை முடித்து வந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிக் கவரை மேஜைமேல் வைத்தேன். என் கை நடுங்கியதில் கவர் மூலை மேஜைக் கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் தலை நிமிராமல், "நீ எடுக்கிறேன்னு தெரியும்டா. எவ்வளவுன்னுதான் தெரியாது" என்றார். பணத்தை எண்ணினார், பேரேட்டில் என் பெயர் போட்டு வரவு வைத்தார். மறுநாள் என்னை பில் மேஜையிலிருந்து எடுத்துவிட்டு குடோனில் போட்டார். நாலாவது தவணை கொடுத்து முடித்த அன்று டீ வாங்கிக் கொடுத்தார். பில் மேஜையைத் திரும்பக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குடோனில் தூங்கின மத்தியானத் தூக்கம் மாதிரி அதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் நான் தூங்கியதில்லை.

நீங்கள் செய்வதற்கு முன்னால் சில விஷயம். தனியாக முடிவெடுக்காதீர்கள், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் முதலில் பேசுங்கள். வழக்கு வரக்கூடிய விஷயமென்றால் வக்கீலையும் பாருங்கள். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா" என்ற வார்த்தை வரக்கூடாது. உங்கள் நெஞ்சுப் பாரத்தை இறக்க, மூன்றாவது ஆளின் குடும்பத்தை உடைக்கிற ரகசியத்தைப் போட்டு உடைக்காதீர்கள். அது போதகரிடமோ ஃபாதரிடமோ சொல்ல வேண்டியது. பணத்துக்குச் சொந்தக்காரர் எங்கே என்றே தெரியவில்லையா, அதை ஏழைகளுக்குக் கொடுங்கள். உங்கள் சபைக் காணிக்கைக் கணக்கில் அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

காலையில் இருபது நிமிஷம்

ரோமர் 12:2 "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்கிறது. மனம் எதைத் தின்கிறதோ அதன்படிதான் ஆகும்.

வேதாகமம் இல்லையென்றால் வேப்பேரி பக்கம் போனால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. பெரும்பாலான சபைகளில் வாசிப்பது 1871-இல் முடிந்த பழைய மொழிபெயர்ப்பு. அந்தத் தமிழுக்கு ஒரு கம்பீரம் உண்டு, ஆனால் முதல் தடவை வாசிக்கிறவருக்கு "பிரபஞ்சம்", "ஆக்கினை" எல்லாம் முட்டும். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எளிதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோகாதீர்கள். மாற்கில் ஆரம்பியுங்கள், பதினாறே அதிகாரம். அப்புறம் எபேசியர், ஆறு அதிகாரம். ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தால் அரைமணி நேரம்கூட ஆகாது.

வீட்டில் இடமில்லை, சத்தம் அதிகம் என்றால் ரயில் இருக்கிறது. மூர் மார்க்கெட் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் நான் மாற்கை வாசித்து முடித்தேன். ஜெபத்துக்கும் சபைத் தமிழ் தேவையில்லை. அப்பாவிடம் பேசுவது மாதிரி பேசுங்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை பீரோவில் ஒட்டிக்கொள்ளுங்கள், சந்தோஷம்தான். அந்த ஒரு வசனத்தை வைத்தே வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள்.

கூட நடக்க ஒருவர்

சென்னையில் சபைக்குப் பஞ்சமில்லை. கத்தோலிக்கரென்றால், பாவங்களை ஃபாதரிடம் அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. சாந்தோமிலோ பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலிலோ உங்கள் பங்குக் கோயிலிலோ பாவசங்கீர்த்தனம் கேட்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு உண்டு. வயது வந்த பிறகும் சேரலாம், கூச்சம் வேண்டாம். பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஆயத்த வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

எந்தச் சபையானாலும், உங்களைவிட மூத்தவர் ஒருவர் வேண்டும். ஆணுக்கு ஓர் அண்ணன், பெண்ணுக்கு ஓர் அக்கா. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: அவர் மற்றவர்களுடைய விஷயத்தை உங்களிடம் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால், உங்களுடையதும் வெளியே போகும்.

ஜெபத்துக்குப் பணம் கேட்கிறவர், மாத்திரையை நிறுத்து என்கிறவர், பெற்றவர்களோடு பேசாதே என்கிறவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் சகோதரிகளிடம் "கசப்பைக் களைந்துவிடு, பொறுத்துப் போ" என்று சொல்கிறவர்களும் உண்டு. அது வசனத்தைத் திருப்பிப் பிடிப்பது. களைய வேண்டியவர் அடிக்கிற கைக்காரர். மன்னிப்பதும், அடி விழும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் ஒரு வருஷம் பொறுங்கள். புதிதாக வந்தவரின் கதைக்குக் கைதட்டல் அதிகம் விழும். சொல்லச் சொல்லக் கதை வளரும். அப்புறம் விழுந்தால் எழுந்து வர வெட்கம் தடுக்கும்.

குடி, போதை விஷயத்தில் ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. உபவாச ஜெபம் என்று அறையில் பூட்டிவைக்காதீர்கள். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து இதற்கென்றே இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நகரத்தில் பல இடங்களில் நடக்கின்றன. கூட ஒருவர் போய் உட்காருங்கள்.

விழுந்த ராத்திரி

விழுவீர்கள். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுலே ரோமர் 7-இல் எழுதிவைத்திருக்கிறார். விழுந்த ராத்திரி என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். தூங்குவதற்கு முன்னால் அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஏதாவது தப்பு செய்திருந்தால்" என்று இழுக்காமல், "பொய் சொன்னேன்", "கத்தினேன்" என்று சொல்லுங்கள். 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். உங்களால் புண்பட்டவரிடம் அன்றைக்கே போங்கள், "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" என்பது கணக்கு. காலையில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு போன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கட்டாயம் போங்கள். ஒரு வாரம் வெட்கத்தில் நின்றால் அது மூன்று மாதமாகிவிடும். நான் ஐந்து மாதம் அப்படி நின்றிருக்கிறேன்.

அந்தத் தம்பியிடம் அன்று வாசலில் நான் கேட்டது ஒன்றுதான். "தட்டை எறிஞ்சியே, கீழ விழுந்த சோத்தை யார் வாரினது?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவதாண்ணா." "அப்ப அங்கிருந்து ஆரம்பி" என்றேன். போய் மனைவியிடம் காரணம் எதுவும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நோட்டில் இடது பக்கம் "தட்டு எறிவது" என்று எழுதி, வலது பக்கம் "சாப்பிட்ட தட்டுகளை, எல்லாருடையதும், நானே கழுவுவது" என்று எழுதியிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை வந்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சண்டை வந்துச்சுண்ணா. கத்தினேன். தட்டைக் கையில எடுத்துட்டேன்" என்றார். அப்புறம்? "கழுவப் போயிட்டேன்."